குடிலை எப்போ பிரிக்கணும்? 25-ஓட கிறிஸ்துமஸ் முடிஞ்சிருச்சா?

முத்துநகர்ப்பொண்ணு
2024 டிசம்பர் 27, இரவு 9.40

எல்லாருக்கும் தோத்திரம்னு சொல்றதா, இயேசுவுக்குப் புகழ்னு சொல்றதா தெரியல. ரெண்டையும் வச்சுக்கோங்க. என் சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

நான் தூத்துக்குடி ஆர்.சி., அதாவது கத்தோலிக்கம். கட்டிக்கொடுத்தது பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ., புராட்டஸ்டன்ட் குடும்பத்துல. இப்போ இருக்கிறது கோயம்புத்தூர்ல, அபார்ட்மென்ட் மூணாவது மாடி. தனியா வீடு எடுத்தபிறகு வர்ற முதல் கிறிஸ்துமஸ்ங்கிறதால ஹால் மூலையில ஆசையா குடில் வச்சேன். குடிலுக்குப் புல் வேணும்னு 12-ஆம் தேதியே ரெண்டு ட்ரேயில மண்ணு போட்டு கேழ்வரகு தூவிட்டேன். 25-க்கு விரல் நீளத்துக்குப் பச்சைப்பசேல்னு நின்னுச்சு. சுரூபங்க, அதான் சின்னச் சிலைங்க எல்லாம் ஆச்சி வீட்டுலருந்து வந்த பழைய செட்டு.

26 காலையில அத்தை காப்பியோட வந்து, "பண்டிகைதான் முடிஞ்சிட்டுல்லா, எடுத்துருவோமா? ஹால்ல நடக்க இடமில்ல"ங்காங்க. சண்டையெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் கேட்டாங்க. அன்னைக்கே அசோசியேஷன் ஆளும் வந்து பால்கனி ஸ்டாரை இறக்கச் சொல்லிட்டாரு. நியூ இயருக்கு எல்லா பால்கனிக்கும் ஒரே மாதிரி லைட் போடுறாங்களாம்.

எங்க ஆச்சி இருந்திருந்தா ரெண்டு பேரையும் உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா. மூணு ராஜாக்கள் வந்து பாலனைக் கும்பிட்டுப் போறவரைக்கும் குடில்ல கை வைக்கக் கூடாதும்பா. ராஜாக்களை ஜன்னல் திண்டுல நிறுத்தி, தினமும் ஒரு சாண் நகர்த்துவா. பீரோ மேல, டி.வி. பக்கத்துல, அரிசி டின் மேலன்னு ஊர் சுத்தித்தான் அவங்க பெத்லகேம் வருவாங்க.

பங்குக் காலண்டரைப் பார்த்தா ஜனவரி 12 வரைக்கும் ‘கிறிஸ்து பிறப்புக் காலம்’னு போட்டிருக்கு. 13-லருந்து பொதுக்காலம். அப்படின்னா 25 முடிஞ்சபிறகு இத்தனை நாள் என்னத்தைக் கொண்டாடுறோம்? உண்மையைச் சொன்னா, டிசம்பர் பொறந்ததுலருந்து கேரல்ஸ், கேக், ஆபீஸ்ல சீக்ரெட் சான்டான்னு ஓடி, 25 மத்தியானம் பிரியாணி சாப்பிட்டு முடிச்சதும் எனக்கே ‘அப்பாடா’ன்னுதான் இருந்துச்சு.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. அத்தைகிட்ட சொல்ல ஒரு காரணம் வேணும். ‘எங்க ஆச்சி சொன்னா’ங்கிறது எடுபடல.

---

மாடிவீட்டு_ஜோ
டிசம்பர் 27, இரவு 10.05

எங்க வீட்டுல போன வருஷம் கட்டின ஸ்டாரே இன்னும் தொங்குது. பக்தின்னு நினைச்சுராதீங்க, ஏணி இல்ல.

---

கோவில்பிள்ளை_ஓய்வு
டிசம்பர் 28, காலை 8.15

மக்களே, எடுக்காதே. முதல்ல அதைச் சொல்லிடுறேன், காரணம் பிறகு.

நான் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல 24 வருஷம் கோவில்பிள்ளையா இருந்தவன். இப்போ முட்டுவலி, நாகர்கோவில்ல மகன் வீட்டுல இருக்கேன். இன்னைக்குக் காலைப் பூசைக்குப் போயிட்டு வந்து இதை எழுதுறேன். சாமிமாருக்கு இறையியல் தெரியும், எனக்கு அலமாரிதான் தெரியும். மறுநாள் பூசைக்குச் சாமிக்கு எந்த நிற உடுப்புன்னு முந்தின ராத்திரியே காலண்டர் பார்த்து எடுத்து வைக்கணும். மாத்தி வச்சா விடியக்காலமே ஏச்சு. அதனால கிறிஸ்துமஸ் காலம்னா என்னன்னு எனக்கு நிறத்துலதான் சொல்லத் தெரியும்.

திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்குற காலம், நாலு ஞாயிறும் ஊதா. மூணாம் ஞாயிறு ரோஸ் போடலாம். எங்க கோவில்ல ரோஸ் உடுப்பு கிடையாது, ஊதாவை வச்சே ஒப்பேத்திடுவோம். அந்த ஞாயிறுகள்ல ‘உன்னதங்களிலே’ கீதம் பாட மாட்டோம். 24 ராத்திரிப் பூசையில அது திரும்ப வரும்போது கோவில் மணி, கைமணி எல்லாத்தையும் சேர்த்து அடிப்போம். அந்தச் சத்தத்துக்கு ஏன் அவ்வளவு மவுசுன்னா, நாலு வாரம் அது இல்லாம இருந்திருக்கோம். நீ டிசம்பர் முதல் தேதியிலருந்து பாடிக் களைச்சுப்போனேங்கியே, அது காலண்டர் குத்தம் இல்ல. காத்திருன்னு சொன்ன நேரத்துல தின்னு தீர்த்துட்டோம், பந்தி போடும்போது வயித்துல இடமில்ல. உன்னை மட்டும் சொல்லல, எங்க ஊர்லயும் இதே கதைதான்.

போன வருஷம் இதைவிடக் கூத்து. 24 ஞாயித்துக்கிழமையா விழுந்துச்சு. காலையில நாலாம் ஞாயிறு ஊதா, அன்னைக்கு ராத்திரியே வெள்ளை. எனக்கு அடுத்து வந்த பையன் போன் போட்டு, "அண்ணாச்சி, பீடத்தை எப்போ ஜோடிக்க?"ன்னு கேட்டான். மத்தியானம் சோறு தின்னாம ஜோடின்னு சொன்னேன்.

இப்போ 25-க்குப் பிறகு பாரு. 25 வெள்ளை. 26 சிவப்பு. 27 வெள்ளை. 28 திரும்பவும் சிவப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் இந்தச் சிவப்பு எனக்குப் பிடிபடவே இல்ல. பிள்ளை பிறந்த வீட்டுல மறுநாளே எதுக்கு ரத்த நிறம்? 26 ஸ்தேவானுக்கு. கல்லால எறிஞ்சு கொன்ன முதல் வேதசாட்சி, பழைய ஆளுக முடியப்பர்னு சொல்வாங்க. 27 யோவான். அவரு வயசாகித்தான் செத்தாருங்கிறது மரபு, அதனால வெள்ளை. 28 மாசில்லாக் குழந்தைகள், ஏரோது பெத்லகேம்ல கொன்ன ரெண்டு வயசுக்குள்ள உள்ள ஆம்பிளைப் பிள்ளைங்க. அப்போ இருந்த பங்குச்சாமிகிட்ட கேட்டேன். அவரு காப்பி ஆத்திக்கிட்டே, "புல்கூட்டைப் பார்த்ததும் எல்லாவனும் பொம்மைன்னு நினைச்சுருவான்லா, அதுக்குத்தான்"னாரு. சரின்னு கேட்டுக்கிட்டேன். உன் குடிலைத்தான் எங்க பக்கம் புல்கூடும்போம்.

முந்தாநாளோட சுனாமி வந்து 20 வருஷம். 2004-ல 26 ஞாயித்துக்கிழமை. எண்கிழமைக்குள்ள, அதாவது 25-லருந்து எட்டு நாளுக்குள்ள வர்ற ஞாயிறு திருக்குடும்பத் திருநாள், அதனால அந்த வருஷம் ஸ்தேவானுக்கு இடமில்ல, வெள்ளைதான் எடுத்து வச்சேன். அன்னைக்கு நற்செய்தி மத்தேயு ரெண்டாம் அதிகாரம். தூதர் சூசையப்பர் கனவுல வந்து, எழும்பு, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்கு ஓடிப்போன்னு சொல்ற இடம். பூசை முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்க போனாங்க. புல்கூடு பார்க்க வந்த சின்னப்பிள்ளைங்க கொஞ்சம் பேர் முத்தத்துல நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் திரிக்காலுல உருகிக்கிடந்த மெழுகைச் சுரண்டிக்கிட்டிருந்தேன். பிறகு கடல் வந்தது. அதை நான் எழுதப்போறதில்ல.

28 செவ்வாய்க்கிழமை. ஊருக்கு மேல ஒரு பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தோம். உடுப்பு அலமாரி உப்புத்தண்ணியில முங்கிப்போச்சு. சிவப்பை மட்டும் நல்ல தண்ணியில அலசி, பெஞ்சு மேல விரிச்சுக் காயப்போட்டேன். காஞ்சபிறகும் கரையில தச்சிருந்த ஜரிகைக்குள்ள மணல் நறநறன்னுச்சு. வாத்தியார் மேசையிலதான் பூசை. வாசகம் அந்த நாளுக்கு உள்ளதுதான்: ராமாங்கிற ஊர்ல அழுகைச் சத்தம் கேட்குது, ராகேல் தன் பிள்ளைங்களுக்காக அழுறா, யாரு தேத்தினாலும் தேறமாட்டேங்கா, ஏன்னா பிள்ளைங்க இல்ல. பூசை முடிஞ்சு உடுப்பை மடிச்சுக்கிட்டிருந்தேன், ஒரு அம்மா வந்து கேட்டா: "இதை எப்பவும் வாசிப்பியளா, இல்ல எங்களுக்குன்னு எடுத்து வாசிச்சியளா?"

"எப்பவும் உள்ளதுதான். வருஷா வருஷம் 28-க்கு இதுதான்"னேன்.

அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. அதுக்கு முந்தி 28-ஆம் தேதிப் பூசைக்கு எங்க கோவில்ல ஏழெட்டுக் கிழவிமார்தான் இருப்பாங்க. மத்தவங்க கேக் பலகாரம் கொடுத்துவிட்டுக்கிட்டு சொந்தக்காரங்க வீட்டுல இருப்பாங்க. நானும் அதைக் காதுல வாங்காமத்தான் அத்தனை வருஷமும் நின்னிருக்கேன்.

சரி, உன் புல்கூட்டுக்கு வர்றேன். நாளைக்கு ஞாயிறு, திருக்குடும்பம். ஜனவரி 1 மரியா இறைவனின் தாய், அன்னைக்குத்தான் எண்கிழமை நிறையுது. ராஜாக்கள் திருநாள் முறைப்படி 6. நம்ம நாட்டுல அதை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தி வச்சிருக்கதால இந்தத் தடவை 5. அடுத்த ஞாயிறு 12, ஆண்டவருடைய திருமுழுக்கு, அவரு ஞானஸ்நானம் வாங்கின நாள். அதோட கணக்கு முடிஞ்சுது, மொத்தம் 19 நாள். போன வருஷம் ராஜாக்கள் 7-ல விழுந்ததால திருமுழுக்கை மறுநாள் திங்கக்கிழமையே வச்சு 15 நாள்ல முடிச்சுட்டாங்க. 5-ஆம் தேதி ராஜா காலடியில கிடக்குற பிள்ளை 12-ஆம் தேதி முப்பது வயசு ஆளா யோர்தான் தண்ணியில நிக்கும். ஒரு வாரத்துல முப்பது வருஷத்தைத் தாண்டுற காலண்டர் இது ஒண்ணுதான்.

உங்க அத்தைக்குக் காரணம் வேணும்னா, வத்திக்கான் சதுக்கத்துக் குடிலையே திருமுழுக்கு வரைக்கும் பிரிக்க மாட்டாங்கன்னு சொல்லு. முன்னாடி பிப்ரவரி 2, பிள்ளையைக் கோவில்ல காணிக்கையா கொடுத்த நாள் வரைக்கும் நாப்பது நாள் வச்ச வழக்கமும் உண்டு. அதைச் சொல்லாதே, பயந்துருவாங்க.

உங்க ஆச்சி செஞ்சதுதான் சரி. 25-ஆம் தேதியே இடையனோட இடையனா ராஜா நிக்குற புல்கூட்டைப் பார்த்தா எனக்கு எரிச்சல் வரும். கிழக்கேருந்து நட்சத்திரம் பார்த்து வர்றவன் அதுக்குள்ள எப்படி வந்து சேர்ந்தான், பிளைட்டா?

கேழ்வரகு இன்னும் ரெண்டு மூணு நாள்ல பழுக்கும். தண்ணி ஊத்திக் காப்பாத்தப் பார்க்காதே, அடியில அழுகி நாறும். பழுத்ததும் கத்திரியால ஒட்ட வெட்டிட்டு மேல காஞ்ச மணலைத் தூவு. பெத்லகேம் ஒண்ணும் வயக்காடு இல்ல. ராஜா வர்ற வழிக்கு மணல்தான் பொருத்தம்.

---

வசனமே_போதும்
டிசம்பர் 28, காலை 11.30

தவறாக எண்ண வேண்டாம் சகோதரி. வேதத்தில் கிறிஸ்து பிறந்த தேதியும் இல்லை, இந்தக் காலமும் இல்லை, நிறமும் இல்லை. "நாட்களையும் மாதங்களையும் காலங்களையும் வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று பவுல் கலாத்தியரைக் கடிந்துகொள்கிறார் (4:10). எங்கள் சபையில் 25-ஆம் தேதி ஆராதனை உண்டு, அதுவும் விடுமுறை என்பதால்தான். ஐயா எழுதிய 28-ஆம் தேதி சம்பவத்தை வாசித்தேன். அதற்கு நான் ஒன்றும் சொல்லத் துணியவில்லை.

---

ஊசிக்கோபுரத்தான்
டிசம்பர் 28, மாலை 4.20

வசனமே_போதும் தம்பிக்கு: ரோமர் 14:5-ஐயும் சேர்த்து வாசிச்சிருங்க. "ஒருவன் ஒருநாளை மற்றொருநாளிலும் விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான்." எழுதினது அதே பவுல்தான். தேதி வேதத்துல இல்லைங்கிறது சரி. டிசம்பர் 25-ன்னு ரோமாபுரியில கொண்டாடினதுக்கு எழுத்துல கிடைக்கிற முதல் தடயமே 336-ஆம் வருஷத்தோடது. பிறந்தநாள் சர்டிபிகேட்டுக்காக யாரும் அதைக் கொண்டாடல.

தங்கச்சி, உங்க அத்தை எங்க ஊர்க்காரங்க. அவங்க சார்பா ரெண்டு வார்த்தை. நம்ம சி.எஸ்.ஐ.க்கு இதெல்லாம் தெரியாதுன்னு நினைக்காதீங்க. திருநெல்வேலிப் பக்கம் சபை ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது. அந்த ஜெபப்புத்தகத்துலயும் 26 ஸ்தேவான், 27 யோவான், 28 மாசில்லாப் பாலகர்னு அப்படியே இருக்கு. ஜனவரி 1 இயேசுவுக்கு விருத்தசேதனம் பண்ணிப் பேர் வச்ச நாள், எட்டாம் நாள் கணக்கு. ஜனவரி 6 பிரசன்னத் திருநாள், நீங்க சொல்ற ராஜாக்கள் திருநாள்தான். பன்னிரண்டு நாளும் பண்டிகைதான்னு பிரான்ஸ்ல தூர் நகரத்துல கூடின ஆயர்கள் 567-லயே சொல்லியாச்சு. ஏட்டுல எல்லாம் இருக்கு, நடப்புல இல்ல, அவ்வளவுதான்.

ஏன் இல்லைன்னா, 26-லருந்து எங்க ஊர்ல நடக்குறதே வேற. மெட்ராஸ், பம்பாய், பெங்களூர்ல இருக்குறவன் எல்லாம் லீவுல வந்திருப்பான். அந்த ஒரு வாரத்துக்குள்ள கல்யாணம், பிள்ளைக்கு ஞானஸ்நானம், புதுவீட்டு ஜெபம் அத்தனையும் முடிச்சாகணும். ஒரே நாள்ல மூணு கல்யாண வீட்டுல தலையைக் காட்டிட்டு வந்து படுத்த 27 எனக்கு உண்டு. பிறகு 31 ராத்திரி வாட்ச்நைட் ஆராதனை. அதுல குடுக்குற வாக்குத்தத்த அட்டைதான் எங்களுக்கு முக்கியம். "உனக்கு என்ன வசனம் விழுந்துச்சு?"ங்கிற கேள்வியிலதான் எங்க ஜனவரி பொறக்கும். பேர் வச்ச நாளுங்கிறது அதுல அமுங்கிப்போச்சு. எனக்கு அதுல வருத்தம் உண்டு. எட்டாம் நாள் பிள்ளைக்குப் பேர் வைக்கிறதை நம்ம சனத்துக்கு விளக்கவே வேண்டாம், சொன்னாலே புரியும். அதைப் போய் விட்டுட்டோம்.

அத்தைகிட்ட வத்திக்கானைச் சொல்லாதீங்க, காரியம் கெட்டுரும். ‘பிரசன்னத் திருநாள் வரைக்கும் இருக்கட்டும் அத்தை’ன்னு சொல்லிப் பாருங்க. அவங்க சின்ன வயசுல கேட்ட வார்த்தை.

---

பாலைவனத்_தேனி
டிசம்பர் 28, இரவு 11.50

குவைத்லருந்து. எங்க ரூம்ல நாலு பேர், எனக்கு மட்டும்தான் கிறிஸ்துமஸ் முடிஞ்ச மாதிரி இருக்கு.

ஒரு ஆள் எகிப்துக்காரர், காப்டிக், அந்த நாட்டுப் பழைய கிறிஸ்தவ சபை. அவருக்கு ஜனவரி 7-லதான் கிறிஸ்துமஸ். அவங்க சபைக் கணக்கு பழைய ஜூலியன் காலண்டரோட ஒத்துப்போறது, இப்போ 13 நாள் பின்னால ஓடுது. அதுவரைக்கும் 43 நாள் நோன்பு, கறி முட்டை பால் எதுவும் தொடமாட்டார், மீன் மட்டும் உண்டு. 25-ஆம் தேதி நான் வாங்கிட்டு வந்த கேக்கை மோந்து பார்த்து, ‘முட்டை?’ன்னு கேட்டுட்டு மூடி வச்சுட்டாரு. பதிமூணு நாள் கழிச்சு யாருக்குங்க வேணும் அந்தக் கேக்கு?

இன்னொருத்தர் திருச்சூர்ப் பக்கம், சீரோ மலபார்ங்கிற கேரளக் கத்தோலிக்க சபை. டிசம்பர் 1-லருந்து 24 வரைக்கும் ‘இருபத்தஞ்சு நோம்பு’. மீன்கூடக் கிடையாது. மெஸ்ல மத்தி பொரிக்கிற அன்னைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. அதனாலதானோ என்னவோ 25-ஆம் தேதி அவர் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்கணும், கோவில்பிள்ளை ஐயா சொன்ன பந்திக் கணக்கு எனக்கு அப்படியே கண்ணுல வந்துச்சு. ஜனவரி 6 அவங்களுக்குத் தனஹா. ராஜாக்களைவிட யோர்தான்தான் அன்னைக்குப் பெரிசாம். இரிஞ்ஞாலக்குடாவுல வீட்டு முத்தத்துல வாழைத்தண்டை நட்டு, அதுல சுத்திவர விளக்கு ஏத்துவாங்களாம், பிண்டிகுத்தின்னு பேர். இங்க வாழைத்தண்டுக்கு எங்க போறது? போன வருஷம் தர்பூசணியில மெழுகுதிரி குத்தி வச்சாரு. வாட்ச்மேன் வந்து ஊதிட்டுப் போனான்.

---

முத்துநகர்ப்பொண்ணு
டிசம்பர் 30, காலை 7.10

எல்லாருக்கும் நன்றி. தர்பூசணி அண்ணனுக்கு ஸ்பெஷலா.

கோவில்பிள்ளை ஐயா, நீங்க எழுதினதை வாசிச்சபிறகு 28 சாயங்காலம் பூசைக்குப் போனேன். இதுவரைக்கும் அந்தத் தேதிக்குக் கோவிலுக்குப் போனதே இல்ல. இங்கயும் முதல் ரெண்டு பெஞ்சுதான் நிறைஞ்சிருந்துச்சு.

‘பிரசன்னத் திருநாள்’னதும் அத்தை சிரிச்சுட்டாங்க. "எங்க தாத்தா உபதேசியாரா இருந்தாருட்டி, அவர் வாயில அதைக் கேட்டிருக்கேன்"னு சொல்லி, அவங்களே கத்திரியை எடுத்துட்டு வந்து புல்லை வெட்டிட்டாங்க. மணலுக்கு கீழ கட்டட வேலை நடக்குற இடத்துல கேட்டு ஒரு கவர்ல வாங்கியாச்சு. ஸ்டார் போனது போனதுதான், அசோசியேஷன்கிட்ட மோத எனக்குத் தெம்பில்ல.

ராஜாக்கள் இப்போ ஷூ ரேக் மேல நிக்கிறாங்க. நேத்து நான் நகர்த்த மறந்துட்டேன், காலையில பார்த்தா ஒரு சாண் முன்னால இருக்காங்க. யாருன்னு நான் கேட்கல.

ஒரே ஒரு சந்தேகம். ஒட்டகத்துக்கு முன்னங்கால் ஒண்ணு உடைஞ்சிருக்கு, ஆச்சி காலத்துலருந்தே அப்படித்தான். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுரூபம். எம்-சீல் வச்சா நிக்குமா?

---

கோவில்பிள்ளை_ஓய்வு
டிசம்பர் 30, காலை 7.45

நிக்கும். உடைஞ்ச இடத்தை முதல்ல உப்புத்தாளால தேய்ச்சு, தூசி போகத் துடைச்சுக்கோ. உள்ள ஒரு குண்டூசியைப் பாதி முறிச்சு வச்சு அதைச் சுத்திப் பிடி. ஒரு ராத்திரி படுக்கவச்சே காயவிடு, நிறுத்திக் காயவிடாதே, கால் வளைஞ்சுரும். 4-ஆம் தேதி ராத்திரிக்குள்ள பெயின்ட் அடிச்சுரு.